வீரய்யா மாட்டிய கியர்பெட்டி

என் தம்பி வீரய்யாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், எஞ்சின் ரூமில் அவனுக்கு வேலை. நகக்கண்ணில் கறுப்பு போனதே இல்லை. தாலி கட்டியபோது மஞ்சள் கயிற்றிலும் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. ஊரே முணுமுணுத்தது. மணப்பெண் ராக்காயி மட்டும், "கறை இருந்தாத்தான் அவரு கட்டுனதுன்னு தெரியும்" என்றாள். அவனுக்கு ஏற்றவள்தான் வாய்த்தாள்.

ஐம்பத்தெட்டாம் வருசம், ஃபேக்டரியை நடத்திய டீமேக்கர் ஐயா வேலையை விட்டுப் போனார். அவருடைய பழைய கறுப்புக் காரில் கியர்ப் பல் உடைந்து கிடந்தது. அதைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். தம்பி அதை எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக் கோடிக்குத் தள்ளிவந்து நிறுத்தினான். ஓட வைத்துவிட்டால் ஹட்டன் ஸ்டேஷனில் வாடகைக்கு ஓட்டலாம். தினமும் விடிகாலையில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுக்க வேண்டியதில்லை. அவன் ஆசை அவ்வளவுதான்.

மலையில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையாவுக்கு அது பொறுக்கவில்லை. லயத்துக்கே வந்துவிட்டார்.

"ஓட்டுப் போட உரிமையில்லாத பயலுக்குக் காரு எதுக்குடா?"

"அதுக்குப் பெட்ரோல் ஊத்துனா போதுங்க. பிரஜாவுரிமையெல்லாம் கேக்காது" என்றான் தம்பி.

நாங்கள் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புத்தான் அவரைக் கிளறியது.

"சனிக்கிழமை பெரட்டு முடியிறதுக்குள்ள இது தன்னால ஓடிக் கேட்டைத் தாண்டணும். தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. இல்லேன்னா தொரைகிட்டச் சொல்லிப் பள்ளத்துல உருட்டிருவேன். தோட்டத்து லொறியில ஒனக்கு ஒரு ஆணிகூட வரக் கூடாது, சொல்லிட்டேன்."

அன்று செவ்வாய்க்கிழமை.

நோட்டன் பிரிட்ஜ் ஊரில் அதே மாதிரிக் கார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மறுநாள் தம்பி போய் அதன் கியர்பெட்டியை வாங்கிக் கழற்றி, பஸ் கூரையில் ஏற்றி ரோட்டு முனைவரை கொண்டுவந்து சேர்த்தான். அங்கிருந்து லயத்துக்கு ஒரு மைல் நடை. ராக்காயி அதைத் தன் கொழுந்துக் கூடையில் வைத்துக் கயிற்றைத் தலையில் மாட்டி எழுந்தாள். நான் மேலே நாலு பிடி கொழுந்தைப் பரப்பினேன். பாதி வழியில் அவள் கழுத்து நடுங்கியது. நான் மாற்றிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து வளைவில் கண்டாக்கையா.

"என்னா அழகம்மா, கூடை இந்தத் தாழ்வு தாழுது?"

"மழைக் கொழுந்துங்கய்யா. தண்ணிக்குன்னு தெனமும் எடையில வெட்டுறீங்களே, இன்னைக்கும் ரெண்டு றாத்தல் வெட்டிக்கங்க."

முறைத்துவிட்டுப் போனார்.

கியர்பெட்டி எஞ்சினுக்கு நேராக, நூலளவும் கோணாமல் நுழைய வேண்டும். எங்களிடம் சங்கிலியும் இல்லை, ஜாக்கியும் இல்லை. தம்பி காரின் தரைப்பலகையையும் பழைய பெட்டியையும் கழற்றினான். இரண்டு கதவுக்கும் குறுக்கே உலக்கையைப் போட்டு, எங்கள் கூடைக் கயிறுகளைக் கட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டான். அவன் அடியில் படுத்துக்கொண்டான். ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்தோம்.

"அக்கா, ஒரு வெரல் எறக்கு. ராக்காயி, நீ அப்படியே நில்லு."

தலையில் கூடை சுமக்கிறவர்களுக்கு ஒரு விரல் கயிற்றின் கணக்குத் தெரியாதா? ஆனாலும் பெட்டி நுழையவில்லை. வியாழக்கிழமையும் நுழையவில்லை. வெள்ளிக்கிழமைதான் தம்பிக்குப் புரிந்தது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் கிளச்சுத் தட்டு ஓரமாகச் சாய்ந்திருந்தது. கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போய் ஒரு தேயிலைக் கம்பு எடுத்துவந்தான். பெட்டியின் தண்டு எந்தப் பருமனோ அந்தப் பருமனுக்குச் சீவினான். அதைத் தட்டின் நடுவே செருகி, தட்டை நேராக்கி முடுக்கிவிட்டுக் கம்பை உருவினான். பெட்டி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இருட்டும் முன் அவசர அவசரமாகப் பெட்டியின் மேல், கியர்க்கம்பி பொருத்திய மூடியை மாட்டினான்.

சனிக்கிழமை பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு அடித்தபோது எஞ்சின் உறுமியது. தம்பி கியர் போட்டான். கார் முன்னால் நகரவில்லை.

"மூடியைச் சரியா மாட்டல. முன்னால போற கியர் ஒண்ணும் விழல. பின்னால போறது மட்டுந்தான் விழுது. கழட்டி மாட்ட மத்தியானம் ஆயிரும்."

ராக்காயி இடுப்பில் கை வைத்தாள். "தன்னால ஓடணும்னுதானே சொன்னாரு? முன்னாலதான் ஓடணும்னு சொன்னாரா? ஏறி ஒக்காருங்க."

கார் பின்பக்கமாக ஏற்றத்தில் ஏறியது. நானும் அவளும் கார் போகிற திசையில் முன்னே நடந்து வழி சொன்னோம். "சோத்தாங்கைப் பக்கம்! அய்யோ, சாப்புடுற கைய மறந்துட்டீங்களா?" பெரட்டுக் களத்தில் நின்ற சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நாங்கள் வழி சொன்னதால் தம்பிக்குத் திரும்பிப் பார்க்கிற வேலை இல்லை. களத்தைத் தாண்டியதிலிருந்து கேட்டுவரைக்கும் கண்டாக்கையாவை நேருக்கு நேர் பார்த்தபடியே போனான். கும்பிடு போடவில்லை. இரண்டு கைக்கும் வேலை இருந்தது.

"இதென்னடா ஓட்டு, நண்டு மாதிரி!" என்று அவர் கத்தினார். அதற்குள் கார் கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றுவிட்டது. அந்த ரோடு தோட்டத்துக்குச் சொந்தமில்லை. அங்கேயே மூடியைக் கழற்றி மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை கார் ஒழுங்காக முன்பக்கம் பார்த்து ஹட்டனுக்குப் போனது.

திங்கட்கிழமை பெரட்டில் கண்டாக்கையா வேண்டுமென்றே அவன் பேரை மூன்று தரம் கூப்பிட்டார். ராக்காயி வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அவரு இன்னைக்கு வரமாட்டாருங்க. நாளைக்கும் வரமாட்டாரு."