பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

சரஸ்வதி பூஜை ஊருக்கு விடுமுறை. எனக்கு மறுநாள் வேலை தொடங்கும். விஜயதசமி காலையில் நான் பல் துலக்கி முடிப்பதற்குள் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். பிளாப்பி டிரைவின் வாயில் சந்தனம் அப்பியிருக்கும். கீபோர்டுக்குள் குங்குமம் இறங்கி, ஒரு எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். மானிட்டரின் தலையில் இருக்கும் காற்றுத் துளைகள் ஊதுபத்தி செருகுவதற்காக வைத்தவை என்று முடிவு செய்த ஒரு குடும்பத்தையும் எனக்குத் தெரியும். சாம்பலைத் துடைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடமும் துடைத்துக் கொடுத்தேன்.

நான் ஒரு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். தொண்ணூறுகளில் கணினிப் பிரிவு என்றால் குளிரூட்டிய ஓர் அறை, அதன் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். செருப்போடு உள்ளே வந்தால் வைரஸ் வரும் என்று நம்பிய அதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்த்தேன். நம்பாத அதிகாரி ஒருவர் வந்தார். அவர் கம்ப்யூட்டரையே நம்பவில்லை.

கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன் உறவுக்காரர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். "மாப்ள, எம்புட்டு ஜிபி போடலாம்?" என்பார் என் மனைவியின் அண்ணன், ஏதோ உரமூட்டை கணக்குப் போல. "போடவே வேணாம் மச்சான்" என்பேன். அவர் சிரித்துவிட்டுப் போய் வாங்குவார். யுபிஎஸ் என்ற பெட்டியைப் பற்றி என் கருத்து, மின்சாரம் போன செய்தியைக் கூவிச் சொல்வதற்காக விற்கப்படுவது என்பது. அதைத்தான் மின்விசிறி கூவாமலேயே சொல்லிவிடுகிறதே. பிளாப்பியைப் பற்றிக் கேட்டால், அழிந்துபோக வேண்டியதை எல்லாம் அதில் சேமிக்கலாம் என்பேன். ஓடும் மானிட்டருக்கு ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்த உறை மாட்டுவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் பதிலே சொன்னதில்லை. என் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நாள் முழுக்கப் பிணவறையில் வேலை பார்ப்பவன் சாயங்காலம் வீட்டுக்கு ஒன்றைக் கூட்டி வருவானா?

வில்லாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுபவர்கள். வாசற்படி தாண்டிவிட்டால் என்னைவிட நல்ல மதுரைத் தமிழ். அவருக்கு ஒரே மகள். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, எம்.ஃபில். செய்துகொண்டிருந்தாள். ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது சாயப்பட்டறைகளைச் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீர். அப்பாவே அவளை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து அவனியாபுரம் வரை கூட்டிப்போய், தெரிந்த பட்டறைக்காரர்களிடம் கெஞ்சிக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துத் தந்தார். அவருடைய சொந்தக் கிணற்றையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"அதுலதான் அண்ணே இருக்குறதுலயே மோசமான தண்ணி" என்றார் என்னிடம். "பெத்த பொண்ணு, பேரப் போட்டு எழுதிருக்கா." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை எந்தத் தகப்பனிடமும் நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆனால் அவர் இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்திருந்தார். சேலத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகளுக்கோ ஒரு கல்லூரியில், எம்.ஃபில். முடித்துவிட்டு வந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தீபாவளிக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டால் அவள் வேலைக்குப் போகலாம், கல்யாணப் பேச்சை ஆறப்போடலாம். ஒப்படைக்காவிட்டால் தை மாதம் முகூர்த்தம். ஏற்கெனவே ஒருமுறை காலக்கெடு நீட்டிப்பு வாங்கியாயிற்று. விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்ததே நான்தான். இரண்டாவது நீட்டிப்புக்கு விதியில் இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆய்வேடு முழுவதும் அவர்கள் வீட்டு மாடியறைக் கம்ப்யூட்டரில் இருந்தது. பிளாப்பி டிரைவ் முந்தைய வருடப் பூஜையின் சந்தனத்தோடு செத்திருந்தது. அவர்களிடம் பிரிண்டரும் இல்லை, மோடமும் இல்லை. அச்செடுப்பதற்கு அன்று எல்லோரும் செய்ததைத்தான் அவர்களும் செய்யவிருந்தார்கள்: சிபியுவைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்து, ஆட்டோவில் கடைக்குக் கொண்டுபோவது. மதுரைத் தெருக்களில் அப்போது பிள்ளைகளைவிடப் பத்திரமாக மடியில் போனவை அந்தப் பெட்டிகள்தாம்.

பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் வந்து கூப்பிட்டாள். "அங்கிள், உள்ள ஏதோ சத்தம் வருது. யாரோ நகத்தால சொரண்டுற மாதிரி."

மாடிக்குப் போய் காதை வைத்துக் கேட்டேன். ஹார்டு டிஸ்க். தட்டுகிறது, நிற்கிறது, சுரண்டுகிறது, மறுபடி சுழல்கிறது. கோப்பைத் திறந்தால் திறந்தது, ஆனால் நேரம் எடுத்தது. இந்த நிலையை எனக்கு நன்றாகத் தெரியும். டிஸ்க்குக்குள்ளே ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. தேய்ந்துபோன மோட்டார், சுற்றிக்கொண்டிருக்கும் வரை சுற்றும். நின்றுவிட்டால் மறுபடி தொடங்க வலு இருக்காது. எனவே செய்ய வேண்டியது ஒன்றுதான். அணைக்காமல் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஒரு டிரைவை பிரிண்டர் மாட்டும் துளையில் செருகி, எல்லாவற்றையும் நகல் எடுப்பது. அப்படிப்பட்ட டிரைவ் எனக்குத் தெரிந்து எங்கள் அலுவலகத்தில் ஒன்று இருந்தது.

அப்பாவையும் மேலே வரச்சொன்னேன். இருவரையும் நிற்கவைத்துச் சொன்னேன். "நாளைக்கு நான் சாமான் கொண்டு வர்ற வரைக்கும் இத அணைக்கக் கூடாது. யாரும் ஒண்ணும் அடிக்கவும் வேணாம். சும்மா ஓடட்டும். நின்னுச்சுன்னா திரும்ப எந்திரிக்காது."

"கரண்டு போனா?" என்று கேட்டார் அவர். சரியான கேள்வி.

"யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். வேண்டிக்கங்க."

"சரிண்ணே" என்றார். அவருக்குப் புரிந்தது. பின்னால் யோசித்துப் பார்க்கையில், அவருக்குப் புரிந்த அளவு அந்தத் தெருவில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜையை விடுமுறைக்கு முதல் நாளே முடித்துவிடுவார்கள். பொரிகடலை கொடுத்து, கதவுக்குப் பொட்டு வைத்து, பூட்டிவிட்டுப் போயாயிற்று. சாமான் அறைச் சாவி வைத்திருந்த சக ஊழியருக்குப் பரவையில் வீடு. பூஜை அன்று காலையில் பெரியார் நிலையம் போய் பஸ் மாறிப் பரவையில் இறங்கினேன். அவர் வாசலில் தன் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னண்ணே நீங்க. பூஜை போட்டு மூடுனத இன்னைக்கு எப்படித் தெறக்குறது? நாளைக்கு நல்ல நேரம் பாத்துத்தான் தெறக்கணும்."

"ஒரு பிள்ளையோட படிப்பு அது."

"சரஸ்வதிக்குத் தெரியாதா அது? அதோட, கேட் பாஸ் இல்லாம சாமான் வெளிய போகக் கூடாதுன்னு சுற்றறிக்கை எழுதுனதே நீங்கதானே."

உண்மை. நான் எழுதிய சுற்றறிக்கைதான். அதில் எந்தப் பிரிவின் கீழ் விதிவிலக்கு உண்டு என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. சோதனைக்காக என்று எழுதி, பிரிவுப் பொறுப்பாளர் கையெழுத்திட்டால் போதும். பொறுப்பாளர் நான். அவர் வாயில் இருந்த வெற்றிலையை மென்று முடிக்கும் வரை நின்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, "பாவம், வெயில்ல வந்து நிக்கிறாரு, போய்த்தான் எடுத்துக் குடுங்களேன்" என்றார். கழுவிய ஸ்கூட்டருக்குப் பொட்டு வைப்பதற்கு முன்பே அதில் ஏறிப் போனோம். போகும் வழியெல்லாம், இதனால் வண்டிக்கு ஏதாவது ஆனால் நான்தான் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தார். பூட்டில் இருந்த சந்தனம் அவர் விரலில் ஒட்டியது. அதை என் சட்டையில் துடைத்தார்.

டிரைவையும் அதன் சிடியையும் பையில் வைத்துக்கொண்டு வில்லாபுரம் வந்து இறங்கியபோது மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பல வருட வேலையில், போன காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பிய நாட்கள் குறைவு. அன்று நடையில் கொஞ்சம் வேகம் இருந்தது.

அவர்கள் வீட்டில் பூஜை முடிந்திருந்தது. கூடத்தில் தராசு, கத்தரிக்கோல், மொபெட் சாவி, நூல் கண்டு, எல்லாவற்றுக்கும் பொட்டு. மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டருக்கு ஒரு முழம் கதம்பம் சாத்தியிருந்தது. சந்தனப் பொட்டை இந்த முறை கவனமாக, துளைகள் எதுவும் இல்லாத பக்கத்தில் வைத்திருந்தார்கள். அறையில் சத்தமே இல்லை.

பெண் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். காலையிலிருந்து காவல் இருந்தவள், சுண்டலுக்குத் தாளிக்கக் கூப்பிட்டார்கள் என்று கீழே போயிருக்கிறாள். கம்ப்யூட்டர் மூடும்போது ஒலிக்குமே அந்தச் சின்ன இசை, அது அடுப்படிக்குக் கேட்டிருக்கிறது. கரண்டியோடு ஓடி வந்திருக்கிறாள்.

அப்பா கதவருகில் நின்றிருந்தார்.

"பூஜை அன்னைக்கு ஆயுதம் ஓடலாமாண்ணே?" என்றார். "பட்டறைய நிப்பாட்டிட்டேன். மோட்டார நிப்பாட்டிட்டேன். இது மட்டும் மேல ஒத்தையில ஓடிக்கிட்டே கெடக்கு. ஓடி ஓடித்தானே அதுக்கு நோவே வந்துருக்கு. ஒரு நா ரெஸ்ட் குடுத்தா தெளிஞ்சுரும்னு நெனச்சேன்."

டிரைவ் இருந்த பையைத் தரையில் வைத்தேன்.

"முறையாத்தான் அணைச்சேன்ணே. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே. அந்த ஆரஞ்சு எழுத்து வர்ற வரைக்கும் இருந்தேன். இனிமே அணைச்சா பயமில்லன்னு அதுவே போட்டுச்சு. அப்புறந்தான் சுவிச்சத் தொட்டேன்."

அது உண்மை. சுவிட்சைப் படாரென்று அணைக்கக் கூடாது, அந்த ஆரஞ்சு எழுத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று அவர் உட்பட அந்தத் தெருவில் பலருக்கும் நான் சொல்லியிருக்கிறேன். கேட்டு நடந்தவர் அவர் ஒருவர்தான்.

சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. டிஸ்க் ஒருமுறை முனகியது. பிறகு கறுப்புத் திரையில், டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினேன். பக்கவாட்டில் மெல்லத் தட்டினேன். வெட்டென்று திருப்பினேன். பிளாஸ்டிக் பையில் கட்டி அவர்கள் பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அப்பா பின்னால் நின்று சாமியைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்கு மேல் அது முனகவும் இல்லை.

அப்பாவும் மகளும் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அவர் நிறையப் பேசினார். அவள் ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதன் பொருளை நான் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

சென்னையில் டிஸ்க்கைப் பிரித்துத் தகவலை மீட்பவர்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். அனுப்பினோம். வாரங்கள் ஆகும் என்றார்கள், பிறகு முடியாது என்றார்கள். அளவீடுகள் நோட்டில் இருந்தன. ஆனால் எழுதியது, கணக்கிட்டது, வரைபடங்கள் எல்லாம் போயிற்று. தீபாவளிக்குள் திரும்ப எழுத முடியாது. இருந்தும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் தயாரித்தேன். நெறியாளர் பரிந்துரை, துறைத் தலைவர் கையெழுத்து, உரிய வழியில் அனுப்பப்பட்டது என்ற முத்திரை, எதுவும் குறையவில்லை. உடல்நலக் குறைவுக்கு மட்டும்தான் சலுகை, இயந்திரக் கோளாறு அதில் சேராது என்று பதில் வந்தது. விதிப்படி அது சரியான பதில். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். என் திறமையின் பயன் அவ்வளவுதான்.

கார்த்திகையில் புது ஹார்டு டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகையை வீட்டிலேயே அடித்துப் பார்த்துவிட்டு அச்சகத்துக்குக் கொடுக்கலாம் என்று அப்பா நினைத்தார். தமிழ் எழுத்துரு ஏற்றித் தரும்படி என்னைக் கூப்பிட்டார்கள். ஏற்றினேன். அவளே உட்கார்ந்து அடித்தாள். வேகமாக அடிக்கக் கற்றிருந்தாள். மணமகன் பெயர், அதன் பின்னால் பி.இ., அவன் வேலை, ஊர். பிறகு தன் பெயர், எம்.எஸ்ஸி.

"எம்.ஃபில்.லையும் போடும்மா" என்றார் அப்பா, என் முன்னால் என்பதால் தமிழில். "அடைப்புக்குறிக்குள்ள போடலாம். எல்லாரும் போடுறாங்க. படிச்சது படிச்சதுதானே? நீங்க சொல்லுங்கண்ணே."

முடிக்காத பட்டங்களை அடைப்புக்குறிக்குள் போடுவது எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் வழக்கம். தவறொன்றும் இல்லை என்று சொன்னேன்.

அவள் ஒரு அடைப்புக்குறியைத் திறந்தாள். திரையில் அது மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

"வேணாம்ப்பா" என்று சொல்லி அதை அழித்துவிட்டு, முகூர்த்த நேரத்தை அடிக்கத் தொடங்கினாள்.