பின்சீட்டில் ஆள் இல்லை

நவநீதனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று ஊரார் சொல்வது மரியாதைக்கு. அவனுக்குக் கோபம் கையில்தான் இருந்தது. ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருபது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஷெட் வைத்திருக்கிறான். ஒயரிங் பார்க்க அவனைப் போல ஆள் கிடையாது, அவனிடம் வேலைக்கு நிற்கவும் ஆள் கிடையாது. கடைசியாக இருந்த இளம்பரிதி முப்பது வயசுக்காரன், பிள்ளைகுட்டிக்காரன். ஃபியூசை மாற்றிப் போட்டுவிட்டான் என்று நவநீதன் விட்டெறிந்த ஸ்பேனரில் அவன் காது கிழிந்தது. துண்டால் ரத்தத்தைப் பொத்திக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகுதான் லோகநாதனின் பழைய வெள்ளைக் கார் வந்தது. லோகநாதன் வாணியம்பாடி வட்டாரத்தில் பதனிடாத பச்சைத்தோல் வாங்கி மண்டிக்குப் போடுகிறவர். ஓடுகிற கார் திடீரென்று நிற்குமாம், கொஞ்ச நேரத்தில் தானே ஸ்டார்ட் ஆகுமாம். இந்த மாதிரிப் பழுதுதான் மெக்கானிக்கின் உயிரை வாங்கும். ஷெட்டுக்குள் வந்தால் நல்ல பிள்ளையாகிவிடும். நவநீதன் ரிலேயை மாற்றினான், திரும்பி வந்தது. பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான், மறுபடி வந்தது. பானட்டில் ஓங்கி ஒரு குத்து விட்டு, நாட்றம்பள்ளி வரை தனியாக ஓட்டிப் பார்த்தான். எங்கேயும் நிற்கவில்லை.

"சரியாப் போச்சுண்ணா, எடுத்துப் போங்க" என்று சாவியைக் கொடுத்தான்.

ஒன்பதாம் நாள் பட்டப்பகலில் லோகநாதன் அதே காரில் வந்து, ஜாக்கி ராடோடு இறங்கினார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்கப் போன வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. நவநீதன் மட்டும் சும்மா விடுகிற ஆளா? தலையால் முட்டி அவர் உதட்டைக் கிழித்தான். ஆயில் கறையில் இருவரும் கட்டிப் புரண்டார்கள். கடைசியில் லோகநாதன் அவன் நெஞ்சில் முட்டி போட்டு, இடது கையைத் தரையோடு அழுத்தி ராடை ஓங்கினார்.

"சாவித்திரிக்கு முட்டிக்குக் கீழ கால எடுத்துட்டாங்கடா. நடுரோட்டுல வண்டி நின்னுச்சு. தள்ளலாம்னு பின்சீட்டுலேர்ந்து எறங்கினா. லாரிக்காரன் ஏத்திட்டுப் போய்ட்டான். அவ எறங்கினதும் சாவியத் திருப்புறேன், ஸ்டார்ட் ஆவுது. என் பொண்டாட்டிக்குக் கால் இல்ல, உனக்குக் கை இன்னாத்துக்கு?"

வலியிலும் நவநீதனின் மூளை ஒன்றைப் பிடித்துக்கொண்டது. அவள் இறங்கியதும் வண்டி ஓடியிருக்கிறது.

"அவங்க ஏன் பின்னால உக்காந்தாங்க?"

"முன்சீட்டுல தோல் சாம்பிள் கட்டு இருந்துச்சு. அதுக்கின்னா இப்ப?"

"பின்சீட்டுல போய் உக்காருங்கண்ணா. அஞ்சு நிமிஷம். அப்புறம் கைய உடைங்க."

லோகநாதனுக்கு என்ன தோன்றியதோ, ராடோடு போய்ப் பின்கதவைத் திறந்து நின்றார். நவநீதன் இடது கையால் இன்ஜினை ஸ்டார்ட் செய்தான். சீராக ஓடியது. லோகநாதன் உட்கார்ந்தார். இன்ஜின் இருமி அணைந்தது. எழுந்தார், ஸ்டார்ட் ஆயிற்று. உட்கார்ந்தார், மறுபடி அணைந்தது.

சீட்டைத் தூக்கினான். பெட்ரோல் பம்ப்பின் எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. ஒயர் அரித்து நூலாகத் தொங்கியது. சீட்டு அழுந்தினால் விலகும், விட்டால் தொடும்.

மூன்று பக்ரீதுக்கு வீடு வீடாக வாங்கிய ஆட்டுத்தோலை உப்புத் தடவி, டெம்போ கிடைக்காத அவசரத்தில் லோகநாதன் இந்தப் பின்சீட்டில்தான் ஏற்றினார். பிறகு அத்தர் தெளித்துவிட்டு, மெக்கானிக்கிடம்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். தோல் நாறிய வண்டி என்று தெரிந்தால் நாளைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் அல்லவா. இப்போது அந்த வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் செத்துப் போயிற்று.

நவநீதனுக்கு ஆத்திரம் பொங்கியது. உன் உப்புக்கு என் விரலா? இடது கையால் ஸ்பேனரை எடுத்து அவர் மண்டைக்கு ஓங்கினான். இளம்பரிதியின் காதைக் கிழித்த ஸ்பேனர் அது. இளம்பரிதி மட்டும் பம்ப் சத்தம் கேட்க நாட்றம்பள்ளிக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஓங்கிய கை அப்படியே நின்றது.

லோகநாதன் அதைப் பார்க்கவே இல்லை. காரின் கண்ணாடிகளை ராடால் ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கினார். நொறுக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது கேட்டார்.

"அவகிட்ட இன்னா சொல்லுவேன்?"

"உப்புன்னு சொல்லுங்க. கூடவே, ஒரு மெக்கானிக் தன்கிட்ட இருந்த ஆள அடிச்சுத் தொரத்திட்டு, தனியா ஓட்டிப் பாத்து சரியாப் போச்சுன்னான்னும் சொல்லுங்க."