அக்காவின் காலுக்காக ஒரு வாக்குமூலம்

குலேந்திரனுக்குச் சிரிக்கத் தெரியாது என்று பேர்ன் நகரத்து ஓரமான பூம்ப்ளிஸில் ஒரு பேச்சு உண்டு. தெரியும், ஆனால் செலவழிக்க மாட்டார். ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் கிழங்கு உரிக்கச் சேர்ந்து, இன்று அங்கே சூப்புக்குப் பொறுப்பாக நிற்கிறார். டொச் என்கிற ஜெர்மன் பாஷையையும் அந்தக் குசினியில்தான் பொறுக்கிக்கொண்டார்.

அவருடைய வாயைக் கட்டிப்போட்டது ஒரு மாதக் கணக்கு. தொண்ணூறுகளின் கடைசியில் சுவிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டார். தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போனது ஐப்பசியில் என்று முதல் விசாரணையில் சொன்னார். இரண்டாம் விசாரணையில் கார்த்திகை என்றார். அன்று மழை பெய்தது, அதுமட்டும்தான் அவருக்கு உண்மையாக ஞாபகம். இரண்டு மாதமும் மழைதானே. முன்னுக்குப் பின் முரண் என்று எழுதிக் கேஸை நெகட்டிவ் ஆக்கினார்கள். பிறகு தற்காலிகமாக இருக்க விடுகிற எஃப் விசா, பி விசா, நிரந்தரமான சி விசா என்று எழுத்து மாறிக்கொண்டு வந்ததே தவிர ஆள் மாறவில்லை. தெரிந்ததைத்தான் சொல்வார், சொன்னதை மாற்ற மாட்டார். கலியாண வீட்டில் "சாப்பாடு எப்பிடி அண்ணை?" என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் வரும்.

மகள் வேணுகா இதற்கு நேர்மாறு. பேர்னில் பிறந்தவள், வாய் ஓயாது. படித்து முடித்து ஒரு நிவாரண அமைப்பில் வேலை செய்கிறாள். பனி தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கதையை எடுத்தாள்.

"அப்பா, கிளிநொச்சியில மாமிக்குப் பொய்க்கால் செய்து குடுக்கிற இடம் இருக்கெல்லோ, அது எங்கட காசிலதான் ஓடுது."

"ஆற்ற காசு?"

"சுவிஸ் அரசாங்கத்தின்ர. அவை எங்கட அமைப்புக்குத் தாறதை நாங்கள் அங்க குடுக்கிறம். வாற மாதம் பாராளுமன்றத்தில பட்ஜெட். வெளிநாட்டு உதவியை வெட்டப் பாக்கினம். பெரிசா வெட்டினால் அந்த இடத்தைப் பூட்ட வேண்டியதுதான்."

குலேந்திரன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

மாமி என்று வேணுகா சொன்னது அவருடைய அக்கா தில்லைநாயகியை. சண்டை முடிந்து சொந்தக் காணிக்குத் திரும்பிய காலத்தில் ஒரு மிதிவெடி அக்காவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது. புருஷன் முந்தியே காலமாகிவிட்டார். பொய்க்காலை மாட்டிக்கொண்டு முள்ளியவளையில் கச்சான் கடலை போடுகிறாள். அவளே கொத்தி, அவளே பிடுங்கி, அவளே சந்தைக்கும் கொண்டுபோவாள். கால் இல்லையென்றால் கச்சானும் இல்லை.

"சோலோதுர்ன் பக்கத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒராள் இன்னும் ரெண்டு மனசில இருக்கிறா. கூட்டத்துக்கு முதல் எங்களோட கோப்பி குடிக்க வாறா. நீங்கள் வந்து கதைக்கோணும்."

"நான் இந்த நாட்டுச் சிற்றிசன் இல்லை. என்ர வோட் அவவுக்கு விழாது. பிறகு ஏன் நான் சொல்லுறதைக் கேக்கப் போறா?"

"வோட்டுக்கு இல்லையப்பா. நடந்ததைச் சொல்லுங்கோ, காணும்."

"நடந்ததைச் சொல்லித்தானே எனக்கு நெகட்டிவ் வந்தது."

"அப்ப மாமிக்கும் வரட்டோ?"

"எத்தினை மணிக்கு?" என்றார் குலேந்திரன்.

பாராளுமன்றத்துக்குக் கிட்ட ஒரு கோப்பிக் கடை. குலேந்திரன் கலியாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, பத்திரங்கள் வைக்கிற பைலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். எந்தக் கந்தோருக்குப் போனாலும் அது கூடவே போகும். சோலோதுர்ன் அம்மையார் முதுகுப் பையோடும் பனியில் நனைந்த சப்பாத்தோடும் தனியே வந்தார். ஊரில் பிரதேச சபைத் தலைவர்கூட நாலு பேர் இல்லாமல் தேத்தண்ணிக் கடைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். இந்த மனுசியால் என்ன வெட்டை மறிக்க முடியும் என்று குலேந்திரன் நினைத்தார்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் அவர் டொச்சில்.

குலேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பைலைத் திறந்து விசா அட்டை, பிறப்புச் சான்றிதழ், அதன் டொச் மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் கோப்பிக் கோப்பைகளுக்கு நடுவே பரப்பினார்.

"பெயர் இராஜசிங்கம் குலேந்திரன். பிறந்தது முள்ளியவளை. தகப்பன் இராஜசிங்கம், உயிரோட இல்லை. தாயும் இல்லை. ஒரு தமக்கை, ஒரு தம்பி. தம்பி காணாமல் போனவர். அதைப் பற்றி நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறன்."

"யாரிடம்?"

"உங்கட ஆக்களிட்ட."

மேசைக்குக் கீழே வேணுகா அவருடைய காலை மிதித்தாள். "அப்பா, இது இன்டர்வியூ இல்லை" என்று தமிழில் கிசுகிசுத்தாள்.

"நீ என்ன மொழிபெயர்ப்பாளரோ? பேசாம இரு."

அம்மையார் பொறுமையாகத்தான் இருந்தார். "அக்கா எப்போது காலை இழந்தார்?"

"திகதி தெரியாது. மழைக்காலம் இல்லை. அவ்வளவுதான் தெரியும்."

"பரவாயில்லை."

"பரவாயில்லை எண்டு அண்டைக்கு விசாரணையிலயும் சொன்னவை."

அவர் கேட்டார், இவர் அளந்து அளந்து சொன்னார். அம்மையார் ஒரு சின்னக் கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டு, மணியைப் பார்த்து, பேனையை மூடினார். "நன்றி. எனக்கு விளங்கிவிட்டது."

குலேந்திரன் எழும்பவில்லை.

"வாசிச்சுக் காட்டுங்கோ."

"எதை?"

"எழுதினதை. பிழையிருந்தால் திருத்தி, நான் கையெழுத்து வைக்கவேணும்."

வேணுகா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவருக்குத் தெரிந்த முறை அதுதான். அகதி விசாரணையில் சொன்னது எல்லாவற்றையும் கடைசியில் திருப்பி வாசிப்பார்கள், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைக்க வேண்டும். அன்று அவர் களைப்பில் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வைத்துக் கொடுத்தார். காது கொடுத்திருந்தால் அந்த மாதப் பிழையைப் பிடித்திருக்கலாம்.

அம்மையார் கொப்பியைத் திரும்பத் திறந்து வாசித்தார். "அக்கா. மிதிவெடி. சுவிஸ் உதவியால் கால் கிடைத்தது. நல்ல முடிவு."

"பிழை."

"எது பிழை?"

"கடைசி. கால் ஒருக்காக் குடுத்து முடியிற சாமான் இல்லை, அம்மா. மிச்சக் காலில தசை வத்தும். பொய்க்காலில அதைச் செருகுற கிண்ணம் லூசாகும். உரஞ்சிப் புண் வரும். பிறகு புதுசா அளவெடுத்துச் செய்யவேணும். அவ சாகுமட்டும் செய்யவேணும். இடத்தைப் பூட்டினால் அந்தக் கால் மூலையில சாத்தி வைக்கிற ஒரு தடி. நல்ல முடிவு எண்டதை அழியுங்கோ. முடிவு இன்னும் வரேல்லை. அது உங்கட கையில இருக்கு. அந்தக் காசில கை வைக்க விடாதேங்கோ."

அவர் அவ்வளவு நீளமாக டொச் கதைத்ததை வேணுகா அதற்கு முதல் கேட்டதில்லை.

அம்மையார் அந்த வரியை அழித்தார். புதிதாக எழுதி வாசித்துக் காட்டி, கொப்பியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். குலேந்திரன் ஆற அமரப் பார்த்துவிட்டுத் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"நான் எந்தப் பக்கம் வாக்களிப்பேன் என்று இப்போது சொல்ல முடியாது" என்றார் அம்மையார்.

"நான் கேக்கேல்லை. சொல்லிப்போட்டு மாத்தினால் உங்களுக்கும் முரண் எண்டு எழுதுவினம்."

வாக்கெடுப்பு நடந்த அன்று குலேந்திரன் இல்லத்துக் குசினியில் சூப்புக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றார். உப்புப் பேணியில் சாய்த்து வைத்திருந்த போனில் மகளின் செய்தி வந்தது. வெட்டு நிறைவேறிவிட்டது. முதலில் கேட்ட அளவுக்கு இல்லை, ஆனாலும் வெட்டுத்தான். சோலோதுர்ன் அம்மையார் வெட்டுக்கு எதிராக வாக்குப் போட்டிருக்கிறார். கிளிநொச்சி இடம் வருகிற வருஷ முடிவுவரை ஓடும், அதற்குப் பிறகு ஒன்றும் உறுதியில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்கு எடுத்தார்.

"என்னடா குலம், வேலை நேரத்தில?"

"கால் எப்பிடி?"

"கொஞ்சம் லூசு. சீலையைச் சுத்திப் போட்டுக்கொண்டு திரியிறன். கச்சானைப் பிடுங்கிப்போட்டுப் போவம் எண்டு இருக்கிறன்."

"கச்சான் கிடக்கட்டும். நாளைக்கே போய் அளவு குடு. வாற வருஷம் முடியுமட்டும்தான் அது திறந்திருக்கும்."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்தியது. "பிறகு?"

"தெரியாது. தெரியாததை நான் சொல்லமாட்டன்."

"நீ ஆரோ பெரிய மனுசியிட்டக் கதைச்சனியாம். வேணு சொன்னவள். என்னெண்டடா தொடங்கினனி?"

"பேர், ஊர், தகப்பன்ர பேர்."

தில்லைநாயகி சிரிக்கத் தொடங்கியவள் இருமித்தான் நிறுத்தினாள். "பாவமடா அந்த மனுசி! சரி, நாளைக்குப் போறன்."

போனை வைத்ததும் வேணுகாவுக்கு எடுத்தார். "இந்தப் பாராளுமன்றக்காரர் திருப்பி எப்ப கூடுவினம்?"

"பங்குனியில அப்பா. ஆனால் அப்ப பட்ஜெட் இல்லை."

"இல்லாட்டி என்ன, கோப்பி குடிப்பினம்தானே. திருப்பி வருவாவோ எண்டு அந்த அம்மாவிட்டக் கேட்டு வை."

திரும்பி வந்து லீக்ஸை வெட்டத் தொடங்கினார். அடுப்பில் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது.