சளி வராத இருமல்

ஆடிக் காற்றோடு வந்த இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். மோகனூர் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. ஆடி மாதத்தில் எங்கள் மைதானத்துப் புழுதி மேசை, நாற்காலி, வருகைப் பதிவேடு என்று எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும். ஆசிரியர் அறையில் நாலு பேர் இருமிக்கொண்டிருந்தோம். ஆவணி பிறந்ததும் மற்ற மூன்று பேருக்கும் நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குழியில் ஒரு முடி ஒட்டிக்கொண்டது போல் இருக்கும். அதை விலக்க ஒரு முறை இருமுவேன். விலகாது. பிறகு கண்ணில் நீர் வழிந்து, விலா வலிக்கிற வரை இருமல் என்னை விடாது. செய்யுளை ராகம் போட்டுப் பாடினால் இரண்டாவது அடியிலேயே வந்துவிடும். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு காத்திருப்பார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவாள். நான் தப்புச் செய்தவள் போல அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து கம்பியைப் பிடித்து நிற்பேன்.

தெருமுனை டாக்டர் மூன்று விதமான டானிக் எழுதிக் கொடுத்தார். மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தேன். சுக்கு, தேன், ஆடாதோடை என்று யார் எதைச் சொன்னாலும் செய்தேன். மிளகு குடித்த நாளில் இருமல் கூடியது. மருந்து வேலை செய்கிறது, சளி இளகுகிறது என்று நினைத்து மேலும் ஒரு டம்ளர் குடித்தேன்.

இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்டால் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். வடக்கே போய் பதினைந்து வருடம் பாறையில் ஆழ்துளைக் கிணறு போட்டான். துளையிடும்போது எழும் கல்தூள் மாவு போல அவன் புருவத்தில் இருக்கிற படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு அவனுக்கும் இப்படித்தான் வறட்டு இருமல் வந்தது. தூள் நுரையீரலில் படிந்துவிட்டது என்று தெரிந்தபோது செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டான். இருமல் தொடங்கியபோது அவனுக்கு வயது நாற்பத்தெட்டு. இப்போது எனக்கும் நாற்பத்தெட்டு.

நான் பாறையில் வேலை செய்தவள் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். உடனே மனசு, இருபத்திரண்டு வருடமாகச் சுண்ணக்கட்டித் தூளைச் சுவாசிக்கிறாயே என்று பதில் சொல்லும். கரும்பலகையை அழிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஒரு நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ரெண்டு பெத்தவங்க வந்து கேட்டுட்டாங்க. ஒருக்கா சளியைக் கொடுத்துப் பாத்துட்டீங்கன்னா அவங்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

காச நோய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் அதில் சளியைத் துப்பிக் கொண்டுவர வேண்டும். கொல்லையில் நின்று அடிவயிறு நோக இருமினேன். ஒன்றும் வரவில்லை. கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு பரிசோதனைக்கூடத்துப் பெண், "இது வெறும் எச்சிங்க. சளி வேணுமுங்க" என்றாள். மூன்று நாள் இப்படி நடந்தது. கடைசியில் கிடைத்ததை வைத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். எக்ஸ்ரேயும் சுத்தம் என்றார்கள். தலைமையாசிரியர் முகம் தெளிந்தது. எனக்குத் தெளியவில்லை. அண்ணனின் முதல் எக்ஸ்ரேயையும் சுத்தம் என்றுதான் சொன்னார்கள்.

அதன் பிறகு வீட்டில் இருமலை மறைக்க ஆரம்பித்தேன். தொண்டையில் அரிப்பு வந்தால் சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் இருமுவேன். ஒரு தடவை என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வெறும் ஜாரு ஓடுது? உள்ள ஒண்ணையும் காணோமே?"

"கழுவி வெச்சனுங்க. தண்ணி போகட்டும்னு" என்றேன். அவர் ஜாரை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசியில் சேந்தமங்கலத்தில் ஒரு வளைகாப்பு. மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எலுமிச்சை சாதம் இரண்டு வாய் சாப்பிட்டதும் பிடித்துக்கொண்டது. அடக்க அடக்க வெடித்தது. மறு கோடியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த என் அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி, கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். வாளியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"இப்பத்தான் அண்ணி. ரெண்டு வாரமா."

"பொய் சொல்லாத அம்மிணி."

"ஆடியில இருந்து."

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். பிறகு, "நாளைக்கு லீவு போடு. சேலத்துக்குப் போகோணும்" என்றாள். தேர்வு வருகிறது, விடைத்தாள் இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன்.

"உன்ற அண்ணன் பேச்சைக் கேட்டு நான் ஆறு மாசம் சும்மா இருந்துட்டேன். உன்ற பேச்சைக் கேக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் என் வீட்டுக்கே வந்து நின்றாள். என் வீட்டுக்காரரிடம் அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "எனக்குத் தெரியுமுங்க. மிக்ஸி ஓடறப்பவே தெரியும். அவளே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அழுதால் இருமல் வரும் என்று அடக்கினேன்.

சேலத்தில் நுரையீரல் டாக்டர் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். எடுத்துவிட்டு முடிவுக்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் டீ வாங்கப் போயிருந்தார். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உன்ற அண்ணன் தோட்டத்துல மோட்டாரைப் போட்டுட்டு அந்தச் சத்தத்துக்குள்ள நின்னு இருமுவாரு. வயலுக்குத் தண்ணி வேணாம். ஆனாலும் மோட்டாரு ஓடும். நான் கரண்டு வீணாப் போவுதுன்னு சண்டை புடிச்சேன் அம்மிணி."

நான் என் மிக்ஸியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் பெயரைக் கூப்பிடும் வரை விடவில்லை.

டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "நுரையீரல் நல்லா இருக்கு" என்றார்.

"நல்லாப் பாருங்க சாமி. இவங்க அண்ணனுக்கும் மொதல்ல நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க" என்றாள் அண்ணி.

அவர் கோபப்படவில்லை. அண்ணனின் ரிக் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். திரையை அவள் பக்கம் திருப்பி, அவனுக்கு இருந்திருக்கக்கூடிய தழும்புகள் எந்த இடத்தில் தெரியும், என் படத்தில் அங்கே ஏன் ஒன்றும் இல்லை என்று பொறுமையாகக் காட்டினார். பிறகு என்னைக் கேட்க ஆரம்பித்தார். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் இருமல் வருமாம், அப்படி ஏதாவது சாப்பிடுகிறேனா? இல்லை. இருமல் எப்போது அதிகம்? சாப்பிட்ட பிறகு, படுத்தால், குனிந்தால், பாடினால். சாப்பாடு எத்தனை மணிக்கு?

நான் யோசித்துச் சொன்னேன். காலையில் பெரும்பாலும் டீ மட்டும். பள்ளியில் இரண்டு டீ. விடைத்தாள் திருத்தி முடித்து ராத்திரி பத்து மணிக்குப் புளிக்குழம்பு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் படுத்துவிடுவேன்.

"வயித்துல இருக்கற புளிப்பு மேல ஏறி வந்து தொண்டையைத் தொடுதுன்னு நினைக்கறேன்" என்றார்.

"எனக்கு நெஞ்செரிச்சலே இல்லீங்களே டாக்டர்?"

"சிலருக்கு இருக்காது. இருமல் மட்டும்தான் வரும்."

"அதுதான்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"இருக்கலாம்னு சொல்றேன். மாத்திரை கொடுத்து, சாப்பாட்டு நேரத்தை மாத்திப் பாத்தாத்தான் தெரியும். எட்டு வாரம் பொறுங்க."

இருக்கலாம். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டு வந்தேன். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம். நுரையீரல் சுத்தம் என்றதை மனசு அரை மணி நேரத்தில் மறந்துவிட்டது.

புளிப்பு மேலே ஏறாமல் இருக்க, டாக்டர் சொன்னபடி என் வீட்டுக்காரர் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தார். முதல் நாள் இருவரும் கால்மாட்டுக்குச் சறுக்கிப் போய்விட்டோம். டீயை விட்டேன். தலைவலி வந்தது. ஏழு மணிக்கே இட்லியோ ரசம் சாதமோ சாப்பிட்டுவிட்டுப் பத்து மணி வரை உட்கார்ந்திருக்கப் பழகினேன். மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. டாக்டருக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே வளர்கிறது என்று நிச்சயமாக நம்பினேன். ஸ்கேன் உறையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து நானே பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்?

ஆறாவது வாரத்தில் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு செய்யுளை முழுதாகப் பாடி முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "டீச்சர், இன்னொருக்கா பாடுங்க" என்றாள் ஒருத்தி. ஏன் என்று எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கல்யாண விருந்து சாப்பிட்டால் இரண்டு நாள் திரும்பி வரும். வரும்போது பழைய பயமும் கூடவே வரும். ஆனால் இப்போது நான் அதை மறைப்பதில்லை. இருமல் வந்தால் கூடத்தில் உட்கார்ந்தே இருமுகிறேன். என் வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, "என்ன சாப்ட்ட?" என்று கேட்கிறார்.

அண்ணி தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். உடம்பு எப்படி என்று கேட்கவே மாட்டாள். மழை, மாடு, மரவள்ளி விலை என்று ஏதாவது பேசுவாள். நான் பேசும்போது மட்டும் அமைதியாகிக் காது கொடுப்பாள். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு இருமல் வந்துவிட்டது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"தாளிப்பு அண்ணி. வரமொளகா கருகிப் போச்சு" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான் அண்ணி. வேணும்னா அவருகிட்டக் குடுக்கறேன், கேளுங்க."

"குடு" என்றாள்.