ஸ்டீமக்காவும் வடிச்ச தண்ணியும்

"இது சூப்பர்வைசர்" என்று சொல்லிக்கொண்டே முதல் தக்காளியைக் கைக்குள் வைத்து நசுக்குகிறார் ஸ்டீமக்கா. சாறு விரலிடுக்கில் பீறிட்டுக் கிண்ணத்தில் விழுகிறது. "இது, கையைக் காட்டியும் நிறுத்தாம போன பஸ் டிரைவர்." இரண்டாவதும் போய்ச் சேருகிறது. தோலுரித்து டின்னில் அடைத்து வரும் தக்காளி அது. ஒரு டின்னில் ஐந்தாறு இருக்கும். அன்றன்றைக்கு யார் யார் மேல் கோபமோ, ஆளுக்கொன்று. கோபம் மிஞ்சித் தக்காளி தீர்ந்துவிட்டால், சமையலறை வாசலில் சாய்ந்து நிற்கும் மகள் கேட்பாள்: "இன்னொரு டின் தொறக்கட்டுமாம்மா?"

வாரத்தில் பாதி நாள் அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு இந்தத் தக்காளிப் பாஸ்தாதான். கடைசியில் க்ரீம் ஊற்றிக் கிளறுவது. "வேலை விட்டு வந்து காலை நீட்டுறதுக்குள்ள ஆயிடணும். அதுக்கு மேல அடுப்புக்கிட்ட நின்னா நானே வெந்துடுவேன்" என்பார்.

வேகிற வேலைதான் அவருக்கு. ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில், நீராவி இஸ்திரி மெஷினில் நிற்கிறார். அதே இடத்தில் ஒரு மூலையில் நான் கிழிசல் தைக்கிறேன். மெஷினின் மூடியைத் தூக்கினால் வெள்ளையாக ஆவி கிளம்பும். அதற்குள்ளிருந்து முதலில் அவர் குரல் வரும், பிறகுதான் ஆள் தெரிவார். அதனால் வந்த பெயர் என்று சிலர் சொல்கிறார்கள். கோபத்தால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் உண்மைதான்.

நாங்கள் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. என் வீட்டில் நான் ஒருத்தி. சாயங்காலம் பிரார்த்தனையை முடித்துக்கொண்டு பூண்டு உரிக்க அங்கே போய்விடுவேன். உரித்த கைக்கு ஒரு தட்டுப் பாஸ்தா கிடைக்கும். "தையலு, பொடிப் பல்லையெல்லாம் ஒதுக்காத. அதுவும் பூண்டுதான்" என்று அதட்டலும் கிடைக்கும்.

வாணலி காய்ந்துவிட்டதா என்று பார்க்க, இஸ்திரிப் பெட்டிக்குச் செய்வதுபோல விரலை நனைத்து ஒரு சொட்டுத் தெளிப்பார். சுர்ரென்றால் எண்ணெய். பூண்டு சிவக்கும் முன்பே தக்காளி. கைப்பிடித் துணியை ஓரத்தோடு ஓரம் சேர்த்து நாலாக மடித்து, உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் பாத்திரத்தைப் பிடிப்பார். சலவைக்கூடத்தில் ஹோட்டல் விருந்தினர்களின் சட்டையைப் போட்டுக் கொடுக்கும் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் கவர்கள் ஒரு டிராயர் நிறைய அவரிடம் உண்டு. அந்த வீட்டில் எல்லாம் கவருக்குள்தான் இருக்கும். மிச்சச் சீஸ், பாதி வெங்காயம், டிவி ரிமோட், எல்லாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தொட்டியோரம் வைத்திருக்கும் கைப்பிடி உடைந்த கப். பாஸ்தா வெந்ததும் வடிப்பதற்கு முன்னால் அந்தத் தண்ணீரில் ஒரு கப் மொண்டு வைத்துவிடுவார். கலங்கலாக, மாவு கரைந்து, உப்புக் கரித்துக்கொண்டு இருக்கும். பார்த்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரிதான். ஆனால் சாஸில் க்ரீம் விழுந்ததும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் எல்லாம் கூடிவந்து பளபளவென்று ஆகும். "இந்தத் தண்ணி இல்லேன்னு வை, தக்காளி ஒரு பக்கம் க்ரீம் ஒரு பக்கம், சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி நிக்கும்" என்பார்.

அக்காவின் வீட்டுக்காரர் செருப்புக் கடையில் விற்பனையாளர். நாளெல்லாம் வாடிக்கையாளர்களின் காலடியில் குந்தி உட்கார்ந்து, "இறுக்குதுங்களா? வேற பாக்கலாங்களா?" என்று கேட்டுப் பழகிய மெல்லிய குரல். அவரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை இந்தக் கட்டடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். குடியில்லை, கை நீட்டுவதில்லை. தங்கமான மனுஷன் என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தங்கமான மனுஷன், கடைக்கு வருபவர்களை எல்லாம் கேட்டுக் கேட்டுச் செய்பவர், வீட்டில் மட்டும் கேட்பதே இல்லை. அக்காவின் சைக்கிளை ஒருநாள் யாருக்கோ கொடுத்துவிட்டார். "மேட்டுல மிதிச்சா மூச்சு வாங்குது இவளுக்கு." சலவைக்கூடத்துப் பெண்களெல்லாம் கடலுக்குச் சுற்றுலா போனபோது, அழைக்க வந்தவளிடம் வாசலிலேயே சொல்லி அனுப்பினார். "அவளுக்கு வெயில் ஆகாது." அக்கா கேட்டால் ஒரே பதில்தான்: "உனக்கு எதுக்கும்மா கஷ்டம்?"

"கத்தினா திருப்பிக் கத்தலாம், தையலு. பஞ்சால அடிக்கிற ஆளை என்ன பண்றது?" என்று அக்கா என்னிடம் கேட்டிருக்கிறார். நான் என்ன சொல்வேன், விட்டுக்கொடுத்துப் போங்கக்கா என்றுதான் சொல்வேன். என் பிரார்த்தனையில் அந்த வீட்டுக்கும் ஒரு வரி உண்டு: அக்காவுக்குப் பொறுமை கொடு கடவுளே என்று.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் முதலாளி ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு சலவைக்கூடம் திறந்தார். அங்கே இஸ்திரிப் பகுதி முழுவதையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மூன்று வருஷமாக அப்படி ஒரு பொறுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அக்கா. இதற்கு முன் இரண்டு முறை அது அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. இந்தத் தடவை முதலாளி தானாகவே சொல்லி அனுப்பினார்: செவ்வாய்க்கிழமை ஃபோன் பண்ணுகிறேன், சரியென்றால் மறுநாளே அங்கே வந்துவிடலாம்.

அக்காவின் ஃபோன் வீட்டில்தான் இருக்கும். ஆவி பட்டு இரண்டு ஃபோன் செத்துப்போனதிலிருந்து வேலைக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டார். "எனக்கு யாரு கூப்பிடப் போறா, மகாராணியா நான்?" என்பார். முதலாளி சாயங்காலம்தான் கூப்பிடுவார் என்று அவர் கணக்கு.

செவ்வாய்க்கிழமை அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்துக்கு நான் ஓடத்தான் வேண்டியிருந்தது. தோள்பையைக்கூடக் கழற்றாமல் ஃபோனை எடுத்துப் பார்த்தார். எடுக்காத அழைப்பு எதுவும் இல்லை. அதை ஃபிரிட்ஜ் மேல் நிறுத்தி வைத்துவிட்டு டின்னைத் திறந்தார். தக்காளியில் அன்றைக்கு யார் பெயரும் சொல்லவில்லை. சும்மா நசுக்கினார். உரித்து முடிக்கும் முன்பே என் கையிலிருந்து பூண்டைப் பிடுங்கினார். ஒரு கிளறு, ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு பார்வை. வரவில்லை. க்ரீமை ஊற்றினார். இன்னும் வரவில்லை. "இந்தத் தடவையும் வேற எவனுக்காவது கொடுத்துட்டாரு. பாத்துக்கிட்டே இரு" என்று கரண்டியால் வாணலி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

வீட்டுக்காரருக்கு அன்று கடை விடுமுறை. நல்ல உற்சாகத்தில் இருந்தார். "நீ சாஸைப் பாரு, இன்னிக்கு நான் வடிச்சுத் தரேன்" என்று பாஸ்தாப் பானையைத் தூக்கித் தொட்டியில் இருந்த வடிகட்டும் ஓட்டைப் பாத்திரத்துக்குள் கவிழ்த்தார். ஆவி அவர் முகத்தை மூடியது. தண்ணீர் குபுகுபுவென்று குழாய்க்குள் இறங்கிப் போனது.

அக்கா கையை நீட்டினார். "கப்பு?"

"எந்தக் கப்பு?"

"தண்ணிங்க. ஒரு கப்பு எடுத்து வைப்பேனே."

"அதுவா? கொட்டிட்டேன். அழுக்குத் தண்ணி, அது எதுக்கும்மா உனக்கு?" என்றவர், அக்காவின் பார்வை ஃபிரிட்ஜ் பக்கம் போவதைக் கண்டு சிரித்தார். "இன்னும் அதையே ஏன் பாத்துட்டிருக்கே? அவர் மத்தியானமே பேசிட்டாரு."

"யாரு?"

"உங்க முதலாளிதான். நான்தான் எடுத்தேன். நல்ல மனுஷன், மரியாதையா பேசினாரு. அவ்வளவு தூரமெல்லாம் அவளால முடியாதுங்கய்யா, வீடு இருக்கு, பொண்ணு இருக்கு, முழங்கால் வலி வேற, வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிட்டேன். நீயா இருந்தா மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லச் சங்கடப்பட்டிருப்பே. உனக்கு எதுக்கும்மா கஷ்டம்?"

வாணலியில் சாஸ் கொப்பளித்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அக்கா கைப்பிடித் துணியை மேடையில் விரித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார். உள்ளங்கையால் தேய்த்தார். மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார்.

"முழங்கால் யாரோடது?"

"இதென்ன கேள்வி? உன்னோடது."

"ஃபோனு?"

"உன்னோடதுதான்."

"அப்போ வாய் மட்டும் எப்படி உங்களோடதாச்சு?"

அக்காவின் குரல் உயரவில்லை. தண்ணீர் கொதிக்கும் முன்னால் பானைக்குள்ளிருந்து வருமே, அப்படி ஒரு சத்தம். அதற்குப் பிறகு உயர்ந்தது. "மூணு வருஷங்க! நாக்கு தேயக் கேட்டு வாங்கினது. அழுக்குத் தண்ணின்னு கொட்டிட்டு வந்து சிரிக்கிறீங்க! எது எனக்கு வேணும், எது வேண்டாம்னு நீங்களே வடிச்சுக் கொட்டிடுவீங்களா?"

"மெதுவா பேசும்மா, தங்கச்சி இருக்காங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க தங்கச்சி, நான் கெட்டது நெனச்சனா?"

எப்போதும் சொல்வது என் வாய்வரை வந்தது. விடுங்கக்கா, அண்ணன் நல்லதுக்குத்தானே செஞ்சாரு. வந்தது, அங்கேயே நின்றது. கடவுளே, இந்தக் கோபத்தை இப்போது மட்டும் அக்காவிடமிருந்து எடுத்துவிடாதே என்று மனசு வேண்டிக்கொண்டது.

"கெட்டது நெனக்கலண்ணே" என்றேன். "கேக்கவும் இல்ல."

வாசலிலிருந்து மகள் சொன்னாள்: "அப்பா, நாளைக்கு என் பரீட்சையையும் நீங்களே போய் எழுதிடுங்க. எனக்கு எதுக்குக் கஷ்டம்?"

அக்கா அடுப்பை அணைத்தார். தக்காளிக் கை தக்காளிக் கையாகவே ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தார். கூப்பிடும் மணி வெகுநேரம் அடித்தது.

"ஐயா, இஸ்திரியிலேர்ந்து ஸ்டீமக்கா பேசறேன்."

"சொல்லுங்கம்மா. வீட்டுக்காரர் எல்லாம் சொன்னாரு. பரவால்ல, உடம்பப் பாத்துக்குங்க."

"உடம்பு நல்லாத்தான் இருக்குங்கய்யா. மத்தியானம் பேசினது அவரு. இப்போ பேசறது நான். எனக்கு அந்த வேலை வேணும்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அடடா. நம்ம ரெண்டாவது மெஷின் தம்பிகிட்டக் கேட்டுட்டேனேம்மா."

"ஒத்துக்கிட்டானா?"

"யோசிச்சுச் சொல்றேன்னான்."

"நான் யோசிச்சு மூணு வருஷம் ஆச்சுங்கய்யா. காலையில நீங்க அங்க பூட்டைத் தொறக்கறப்போ நான் வாசல்ல நிப்பேன்."

ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, வாங்க. பேசுவோம். வழியில எங்க இருக்கீங்கன்னு கூப்பிடுவேன். நீங்கதானே எடுப்பீங்க?" என்றது அந்தக் குரல்.

"நான்தான் எடுப்பேன்."

பேசுவோம் என்றால் கொடுப்பார் என்று அர்த்தமா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை.

சாஸ் அக்கா எப்போதும் சொல்கிறபடியே திரிந்து, எண்ணெய் ஒரு பக்கமும் க்ரீம் பொடிப்பொடியாக இன்னொரு பக்கமும் நின்றது. பாஸ்தா ஓட்டைப் பாத்திரத்தின் வடிவத்திலேயே ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. அக்கா அதை அப்படியே ஒரு தட்டில் கவிழ்த்துத் தன் வீட்டுக்காரருக்கு முன்னால் வைத்தார். "இந்தாங்க. கஷ்டமில்லாம வடிச்சது." அவர் முள்கரண்டியால் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை.

எங்கள் மூன்று பேருக்கும் புதிதாகப் பானை ஏறியது. இந்தத் தடவை மகளே கப்பை முக்கி மொண்டாள். சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிக் கொண்டுவந்து ஊற்ற, திரிந்துகிடந்த சாஸ் முக்கால்வாசி கூடிவந்தது. முழுக்கக் கூடவில்லை. சாப்பிட்டோம். அந்தப் பக்கத்தில் வீட்டுக்காரரும் எதையோ சாப்பிட்டார்.

தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு அக்கா டிராயரை இழுத்தார். சட்டைக் கவர்களில் கிழியாத ஒன்றைத் தேடி எடுத்து, ஊதிப் பார்த்தார். ஃபோனில் அப்பியிருந்த தக்காளியைத் துடைத்து, கவருக்குள் இறக்கி, காற்றை வெளியே அமுக்கி வாயை முறுக்கினார். ஒரு முடிச்சுப் போட்டார். போதாதென்று இன்னொன்று போட்டு, பல்லால் கடித்து இழுத்து இறுக்கினார். பிறகு அதை ஃபிரிட்ஜ் மேல் வைக்காமல், காலையில் எடுத்துப்போகும் தோள்பைக்குள் போட்டு, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினார்.