மூன்றாம் கியரும் மனிசியின் வலது கையும்

போன கிழமை எங்கள் காரின் கியர்பொக்ஸ் திருத்தி முடிந்தது. வீட்டில் உண்மையான பிரச்சினை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

என் காரைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் புலம்பியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் கல்யாணத்துக்கும் அந்தக் காருக்கும் ஒரே வயது. கடைசி ஆறு வருடமாக அதன் மூன்றாம் கியர் நிற்காது. போட்டுவிட்டுக் கையை எடுத்தால் ‘டக்’ என்று நியூட்ரலுக்குத் துள்ளிவிடும். எஞ்சின் வீரிட்டுக் கத்தும் – கார் மட்டும் ஓடாது.

நிலாவெளியிலிருந்து டவுனுக்கு ஒன்பது மைல். அந்தக் குழிகளுக்குள் நாலாம் கியர் போட ஏலாது. இரண்டில் உருட்டினால் மத்தியானம்தான் போய்ச் சேருவோம். ஆகவே மூன்றுதான் எங்கள் கியர். ஆடு மாட்டையும் பள்ளத்தையும் விலத்த ஸ்டியரிங்கில் எனக்கு இரண்டு கையும் வேண்டும். கியரை யார் பிடிப்பது?

டவுனில் கராஜ் வைத்திருக்கும் ராசிக் நானா அப்போதே கியர்பொக்ஸைத் திறந்து பார்த்தார். ஒயிலில் பித்தளைத் தூள் மினுங்கியது. பல் தேய்ந்துவிட்டது, ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, சாமான் இறக்குமதி இல்லாத இந்தக் காலத்தில் நான் எங்கே போவேன் என்று கையை விரித்தார். பிறகு முன் சீற்றில் இருந்த என் மனிசியைப் பார்த்துச் சிரித்தார்.

“சாமான் கிடைக்கிற வரைக்கும் அக்கா புடிச்சிக்கிட்டு வரட்டும் சேர்.”

அக்கா பிடித்தாள். ஆறு வருடம்! மனிசி சரசு டவுனில் ரீச்சர். நான் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் கிளாக்கர். காலையும் மாலையும் நான் கிளச்சை மிதித்துக் கியரைப் போட்டு, “மூண்டு” என்பேன். நான் கையை எடுக்க, அவளுடைய வலது கை அந்த இடத்துக்கு வரும். ஒரு நாளும் பிந்தியதில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் மகள் வதனி கல்யாணம் செய்தாள். திரியாய்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனவள், அந்த ஊர் விவசாயி ஒருவரை விரும்பி, பதிவு செய்துகொண்டாள். நான் மனதுக்குள் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்யும் ஒரு உத்தியோகத்தரை மாப்பிள்ளையாக்கி வைத்திருந்தேன். கோபம். போகவில்லை. மனிசி தனியே பஸ்ஸில் போய் ஆசீர்வதித்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து என்னோடு கதை இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சுவருக்குச் சொல்வாள். சோறு ஆறுகிறது என்பது குசினிச் சுவருக்கு. சீனி முடிந்தது என்பது அலுமாரிக்கு. இப்படி நாலு மாதம்.

ஆனால் காருக்குள்... நான் “மூண்டு” என்பேன். பேச்சு வராது, கை வரும். அந்த நாலு மாதமும் நாங்கள் புருசன் பெண்சாதியாக இருந்தது அந்த ஒன்பது மைலில்தான். இது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை.

ஒரு பின்னேரம் அவள் குசினியில் இருந்து வலது மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கண்டேன். வீங்கியிருந்தது. அருகில் போய் நோகுதா என்று கேட்டிருக்கலாம். மகளின் விஷயத்தில் நான் செய்தது பிழை என்றும் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆம்பிளைகள் என்ன செய்வோம்? எதையாவது திருத்துவோம்!

ராசிக் நானாவிடம் ஓடினேன். மூதூரில் யாரோ உடைத்துப் போட்ட இதே மாதிரிக் கார் ஒன்றின் கியர்பொக்ஸ் அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. பழையதை இறக்கி, இதைக் கழுவிப் பூட்டி, புது ஒயில் விட்டார். ஓட்டிப் பார்த்தேன். மூன்றைப் போட்டுக் கையை எடுத்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றது.

அடுத்த நாள் காலை, மூன்றைப் போட்டுவிட்டு வெற்றி வீரனாக இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தேன். அவள் கை பழக்கத்தில் பாதித் தூரம் வந்தது. கியரைப் பார்த்தது. திரும்பிப் போய் மடியில் விழுந்தது. டவுன் வரை அங்கேயே கிடந்தது. நானோ பாராட்டுக்காகக் காத்திருந்தேன், மடையன்.

பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் அவள் பின் கதவைத் திறந்து பின் சீற்றில் ஏறினாள். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்:

“என்ர கையும் இனித் தேவையில்லையாம்.”

பாருங்கள்... நான் மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கிறேன். அவளுக்குப் போய்ச் சேர்ந்தது வேலைநீக்கக் கடிதம்!

இரண்டு நாள் அப்படியே ஓடினோம். நான் முன்னால், அவள் பின்னால். சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர், எப்போதிருந்து காரை வாடகைக்கு விட்டு ஹயர் ஓடுகிறீர்கள் என்று கேட்டார். சிரிப்பு வரவில்லை. இந்த மனிசியை நான் மெல்ல மெல்ல இழந்துகொண்டிருக்கிறேன் என்ற பயம்தான் வந்தது. ராசிக் நானாவால் இதைத் திருத்த ஏலாது. திருத்த வேண்டியது காரில் இல்லை.

சனிக்கிழமை. மகளைப் பார்க்க வழக்கம்போலப் பையோடு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டாள். நான் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

“திரியாய்க்கு நானும் வாறன்.”

பையை முதலில் உள்ளே வைத்தாள். பிறகு ஏறினாள் – பின் சீற்றில்தான். வழி முழுக்க நான் மருமகனிடம் சொல்ல ஒரு பேச்சுத் தயாரித்தேன். அங்கே போய் இறங்கியதும் அந்த மனிதர் வயல் சேற்றுக் காலோடு ஓடிவந்து, கதிரையைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்துப் போட்டார். பேச்சு மறந்துவிட்டது. மகள் அழுதாள். நானும்தான். சாப்பாடு முடிந்ததும் ஒன்றுதான் சொன்னேன்:

“ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ. எங்கட வீட்டில ரெண்டு நாள் நிண்டிட்டு வரலாம்.”

பின் சீற்றில் மகள், மருமகன், ஒரு மூட்டை அரிசி, இரண்டு பூசணிக்காய். மனிசிக்கு அங்கே இடமில்லை. முன்னால் வந்து ஏறினாள்.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். மருமகனுக்குக் காட்ட வேண்டாமா? மிதித்தேன். முதல் பள்ளத்தில் கார் எம்பி விழுந்தது. மனிசி நேராக என் முகத்தைப் பார்த்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு, சுவருக்கு இல்லை, எனக்கு:

“மெல்லப் போங்கோ. பிள்ளைத்தாச்சி பின்னால இருக்கிறாள்.”

கண்ணாடியில் பார்த்தேன். வதனி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரோட்டு மங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. கும்புறுப்பிட்டியில், மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து எங்களை முந்திக்கொண்டு போனார்.