அண்ணனால் எடுக்க முடியாத ஒன்பது கால்

அந்த போனின் திரை அமுங்கும். இப்போதுள்ள கண்ணாடி மாதிரி கிடையாது... விரல் வைத்தால் பாலாடை மேல் வைத்தது போல லேசாக உள்ளே போய் வரும். ஒரு சின்ன "டிக்". காலையிலிருந்து மாலை வரை அதை அழுத்திப் பார்ப்பதுதான் என் வேலை. அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், நம்புங்கள்!

எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் யாரும் டச் போனைத் தொட்டுப் பார்த்திராத காலம். டிப்ளமோ முடித்த கையோடு கிண்டியில் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டிங்கில் சேர்ந்திருந்தேன். எண்ணூரில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறிப் போக வேண்டும். ஜன்னலோரத்தில் கண் சொக்கினாலும் விரல் மட்டும் மடியில் தானாக நகரும்... மேலே, கீழே, மேலே. எதிர் சீட்டு அம்மா ஒருநாள் கேட்டேவிட்டார். "இன்னாமா, கையி இழுக்குதா?"

போனைக் கடைக்கு விடும் லாஞ்சுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேனேஜர் ரகு சார் ஆளுக்கொரு சாம்பிள் கொடுத்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போய் சொந்த போன் மாதிரி யூஸ் பண்ணுங்க. வேற யார் கையிலயும் கொடுக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே நான் அதை அண்ணன் கையில் கொடுத்தேன்.

தேசிங்கு அண்ணன் ஃபைபர் போட்டில் மீன் பிடிக்கப் போகிறவன். கையை லுங்கியில் நாலு முறை துடைத்துவிட்டுத்தான் வாங்கினான். போட்டோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"யம்மாடி! இத்த நீயா செஞ்சே?"

"நான் அமுக்கி மட்டும்தாண்ணா பாக்கறேன்."

"ஒரே ஒரு வாட்டி கடலுக்கு எட்துகினு போறேன் பாப்பா. தோஸ்துங்களாண்ட காட்டணும்."

பெருமை யாரை விட்டது? அவன் சிம்மை நானே மாற்றிக் கொடுத்தேன். ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் என் வேலை பூடும்ண்ணா."

எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குப் போகும் எந்த போனும் பாலிதீன் கவருக்குள் போகும். வாயை முறுக்கி மடக்கி, ரப்பர் பேண்டை இறுக்கமாக இரண்டு சுற்று. பட்டன் போனைக் கவரோடு அமுக்கியே பேசிவிடுவார்கள். இதையும் அப்படித்தான் கட்டினான்.

மறுநாள் காலையிலேயே அண்ணிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அண்ணி என் கையை விடவில்லை. "அவருக்கு போன் போடுமா... போடுமா..."

போட்டேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. அனல் மின் நிலையப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை கடலிலும் டவர் கிடைக்கும். அங்கேதான் இருக்கிறான், ஏன் எடுக்கவில்லை? ஒன்பது முறை போட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்தரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் வந்து சேர்ந்தபோது பதினொன்றுக்கு மேல். வலையைப் பாதியில் இழுத்துப் போட்டுவிட்டு, கரையில் விசாரித்துக்கொண்டு, ஈரத் துணியோடு ஓடி வந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருப்பதைப் பார்த்த பிறகு சுவரோரம் உட்கார்ந்து அழுதான்.

"உன் பேரு தெரியுது... ரிங்கு அடிக்குது... தள்றேன், தள்றேன், நவுர மாட்டேங்குது பாப்பா. கூட வந்தவனுங்க கிட்டயும் போன் இல்ல. வூட்ல இன்னாவோ ஆயிப்போச்சுன்னு மட்டும் தெரிது."

"கவரைப் பிரிச்சிருக்கலாம்லண்ணா?"

"அலை மேல அட்ச்சுகினு கீது. தண்ணி பட்டா உன் வேலை பூடும்னியே!"

போனை வாங்கிக் கவரைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

ஆபீசில் சொல்லாமலே இருந்திருக்கலாம். கன்ஃபர்ம் ஆகாத வேலை. ரூலை மீறியது தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். ஆனால் அண்ணன் அந்தத் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்ததை மறக்க முடியவில்லை. ரகு சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தித் தீர்த்தார், நியாயம்தான்.

"பாலிதீன் கவர்ல யாரும்மா போனைக் கட்டுவாங்க?"

"எங்க பக்கம் எல்லாரும் சார்."

கையோடு கொண்டுபோன கவரில் கட்டிக் கொடுத்தேன். கால் போட்டார்கள். அறையில் ஒருவராலும் எடுக்க முடியவில்லை. ரப்பர் பேண்ட் ஓரிடத்தில் அழுத்துகிறது, விரல் இன்னோரிடத்தில். ஒரே நேரத்தில் இரண்டு அழுத்தம் அந்தத் திரைக்குப் புரியாது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே இது தோன்றவில்லை பாருங்கள்!

லாஞ்சு தள்ளிப்போயிற்று. திரைக்குக் கீழே இருந்த பட்டனை அமுக்கினாலும் கால் எடுக்கும்படி மாற்றினார்கள். எனக்கு வார்னிங் லெட்டரும் கன்ஃபர்மேஷனும் ஒரே வாரத்தில் வந்தன.

லாஞ்சு அன்று ஓட்டல் ஹால் முழுக்க நீல வெளிச்சம்... மெல்லிசாகப் புகை... மேடையில் கோட் போட்டவர் அந்த பட்டனை அமுக்கிக் கால் எடுத்துக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் நான் கால் தரையில் பாவாமல் நின்றிருந்தேன்.

அந்த போன் ரொம்ப நாள் ஓடவில்லை. கம்பெனியும் இப்போது இல்லை. அன்றைக்குப் பிறந்தவள் காலேஜ் போகிறாள். இப்போது போனைத் தொட்டாலே போதும்... ஆனால் அப்பா கால் வந்தால் அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கிளாஸ்" என்று மெசேஜ் போடுகிறாள்.

அவளைச் சொல்வானேன். போன வாரம் மீட்டிங்கில் அண்ணன் பெயர் திரையில் வந்தது. நானும் போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

இன்று மத்தியானம் நானே கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"இன்னா பாப்பா? யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லண்ணா. சும்மாதான் போட்டேன்."

அவன் எதையோ இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"சும்மாவா? அப்ப வெச்சுடாத... பேசிக்கினே இரு."